முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிட்டேன்

அனல்மின் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்த காலம் முழுவதும், அலாரத்தை அடைத்து வைக்கிற ஆளை நான் பொறுத்துக்கொண்டதே இல்லை. ஒரு பம்பின் அலாரம் ஓயாமல் கத்துகிறது என்று அதன் ஒயரைக் கழற்றிவிட்ட ஆபரேட்டர் ஒருவரை எல்லோர் எதிரிலும் நிற்க வைத்துப் பேசினேன். "கத்துறது தொந்தரவா இருந்தா உன் காதப் பொத்திக்கோ. அது வாயப் பொத்தாத" என்றேன். அந்த வாக்கியம் ஷிப்டு விட்டு ஷிப்டு பரவியது. எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. பிறகு ரிடையர் ஆனேன். அதே காரியத்தை நானே செய்தேன். என்னை நிற்க வைத்துக் கேட்பதற்குத்தான் யாரும் இல்லை.

நெய்வேலியில் வீடு என்றால் குவார்ட்டர்ஸ். வேலையோடு வரும், வேலையோடு போகும். ரிடையர் ஆன பிறகு சாவியை ஒப்படைத்துவிட்டு, சிலர் மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் திரும்புவார்கள். என்னைப் போல ஊரை விட மனமில்லாதவர்கள் வடக்குத்துப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டுவார்கள். அத்தனை வருடம் சுவருக்குச் சுவர் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கொஞ்ச காலத்தில் யாருக்கும் தெரியாது. ஒருவரைப் பற்றிப் பெயர் சொல்லி விசாரித்தால் எங்கள் ஆட்கள் விழிப்பார்கள். பிளாக், தெரு, வீட்டு நம்பர் சொன்னால், "அந்த முனை வீடா? மாமரத்துல ஊஞ்சல் கட்டியிருப்பாங்களே" என்று உடனே வரும்.

அதனால்தான் எங்கள் பிளாக்கின் பழைய குடித்தனக்காரர்களுக்கென்று நான் ஒரு வலைத்தளம் தொடங்கியபோது, அதை ஆட்களின் பெயரில் அடுக்காமல் வீட்டு நம்பரில் அடுக்கினேன். ஒவ்வொரு குவார்ட்டர்ஸுக்கும் ஒரு பக்கம். அதில் யார் யார் குடியிருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா. இரண்டாயிரத்துப் பத்துகளின் தொடக்கம் அது. பிஎச்பி என்ற கணினி மொழியைப் புத்தகம் வைத்து நானே படித்து எழுதியது. என் மனைவி அதை "மூணாவது ஷிப்டு" என்பாள்.

குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர் வீட்டில் இருந்தவர் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் போர்மேன். இருபது வருடப் பழக்கம். என்னை அவர் சார் என்பார், நான் அவரைப் போர்மேன் என்பேன். அவருக்கு ஒரே மகன். அவனை ஒரு காண்ட்ராக்ட் வேலையில் சேர்த்துவிட்டார், பின்னால் பர்மனென்ட் ஆகும் என்ற நம்பிக்கையில். அவனுக்கு அந்த வேலை ஒட்டவில்லை. ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட்டான். அன்று போர்மேன் தெருவே கேட்கும்படி, "இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்று கத்தினார். நான் கேட்டில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் ஒரு பையோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனான். சென்னையில் எங்கோ இருக்கிறான் என்பது மட்டும் பிறகு தெரிந்தது. போன் நம்பரை மாற்றிவிட்டான்.

கொஞ்ச காலத்தில் போர்மேனும் ரிடையர் ஆனார். காடாம்புலியூரில் அவருக்குக் கொஞ்சம் முந்திரிக் கொல்லை உண்டு. அங்கே வீடு கட்டிக்கொண்டு போனார். போன சில நாட்களில் வடக்குத்துக்கு என்னைத் தேடி வந்தார்.

"சார், அவன் திரும்பி வந்தா எங்க வருவான்? பழைய வூட்டுக்குத்தான வருவான். அங்க இப்ப திருநெல்வேலிக்காரங்க இருக்காங்க. நாங்க எங்க போனோம்னு அவங்களுக்கு என்ன தெரியும்?"

மகனின் கூட்டாளி ஒருவன் டவுன்ஷிப்பில் இருந்தான். அவனுக்கு மட்டும் நம்பர் தெரியும். போர்மேன் அவனிடம் கேட்டிருக்கிறார். நம்பர் தந்தால் சிநேகிதம் முறிந்துவிடும், வேண்டுமானால் ஏதாவது லிங்க் இருந்தால் அனுப்புகிறேன் என்று சொன்னானாம்.

"லிங்க்னு ஒண்ணு உங்க கிட்டத் தான சார் இருக்குது? என் பழைய வூட்டுப் பக்கத்துல ரெண்டு வரி போட்டுக் குடுங்க."

அவர் சொல்ல நான் தட்டினேன். "நாங்க காடாம்புலியூர்ல இருக்கோம். முந்திரிக் கொல்லையாண்ட புது வூடு. அம்மா கேட்டுகினே இருக்குது." நான் அதைக் கொஞ்சம் சீர்செய்யப் பார்த்தேன். அவர் தடுத்துவிட்டார்.

"உங்க தமிழ்ல போட்டீங்கன்னா நான் சொல்லலன்னு கண்டுபுடிச்சிடுவான் சார். இருக்கட்டும்."

லிங்க் போய்ச் சேர்ந்தது. டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் போர்மேன் என் வீட்டுக்கு வந்து இரண்டு வரி மாற்றுவார். கொல்லையில் போர்வெல் போட்டது, பலா காய்த்தது, அம்மாவுக்கு முட்டி வலி. ஒரு வரியிலும் மன்னிப்பு கேட்டதில்லை, வா என்றும் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து போகும்போது, "பாக்குறானா சார்?" என்பார். யாரோ பார்த்தது தெரியும், யார் என்று தெரியாது என்பேன். "யாரோன்னா அவன்தான்" என்று செருப்பை மாட்டிக்கொள்வார்.

பிறகு என் ஆசை ஆரம்பித்தது. என் தளம் பழைய மாதிரியில் எழுதியது. ஒரு வீட்டின் பக்கம் வேண்டுமென்றால் வீடு டாட் பிஎச்பி என்று ஒரு கோப்பு, அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி, அதன் பின்னால் பிளாக் இத்தனை, தெரு இத்தனை என்று ஒரு நீள வால். புதிதாக வந்திருந்த பிஎச்பி ஃப்ரேம்வொர்க் என்ற ஆயத்தச் சட்டகங்களில் முகவரி அழகாக இருந்தது: சாய்வுக் கோடு, பிளாக், சாய்வுக் கோடு, தெரு, சாய்வுக் கோடு, நம்பர். குவார்ட்டர்ஸ் கதவில் எழுதியிருப்பது போலவே. தளம் முழுவதையும் அதற்கு மாற்றி எழுதினேன்.

எழுதி சர்வரில் ஏற்றினால் முகப்புப் பக்கம் மட்டும் திறந்தது. மற்ற எதைத் தொட்டாலும் 'நாட் ஃபவுண்ட்'. காரணம் புரிய நாட்கள் பிடித்தன. அந்த அழகான முகவரியில் நிஜமாக எந்தக் கோப்பும் கிடையாது. கேட்ட பெயரில் கோப்பு இருந்தால் அதைக் கொடு, இல்லாவிட்டால் இண்டெக்ஸ் என்ற ஒரே கோப்பிடம் ஒப்படை, எந்த வீடு என்று அது பார்த்துக்கொள்ளும் என்று வெப் சர்வருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் வரிகளை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைப்பார்கள். அதன் பெயர் புள்ளியில் தொடங்கும், சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது. நான் அதை எழுதி வைத்திருந்தேன். சர்வர் அதைப் படிக்கவே இல்லை. அப்படிப்பட்ட கோப்புகளை மதிக்காதே என்று சர்வரின் அமைப்பிலேயே போட்டிருந்தது. இடம் வாடகைக்குத் தந்த கம்பெனிக்கு எழுதி, அதைத் திறந்துவிடச் சொன்ன பிறகு எல்லாப் பக்கமும் வந்தது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"முன்னாடி கேள்விக்குறி இருந்துது. இப்ப கோடு இருக்கு. இதுக்கா இத்தன நாளா சாப்பாடு ஆறிக்கிட்டிருந்துது?"

அதற்குள் புகார்கள் வரத் தொடங்கின. பழைய முகவரியைச் சேமித்து வைத்திருந்தவர்களுக்கெல்லாம் 'நாட் ஃபவுண்ட்'. குடியரசு தினத்தன்று எங்கள் பிளாக்கின் பழைய ஆட்கள் கூடுவதாக இருந்தது. ஏற்பாடு செய்தவர் போனில், "என்ன சார், தளம் பிரேக் டவுனா? ஷட் டவுன் எடுத்துருக்கீங்களா?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

பழைய முகவரியைப் புது முகவரிக்குத் திருப்பிவிட அந்தப் புள்ளிக் கோப்பில் ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அது கேள்விக்குறிக்கு முன்னால் உள்ளதை மட்டும் பார்த்தது; பின்னால் இருந்த பிளாக், தெரு, நம்பர் எதுவும் அதன் கண்ணில் படவில்லை. கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைப் படிக்கத் தனியாக ஒரு நிபந்தனை வரி வேண்டும். பொறுமையாகத் தேடியிருந்தால் அன்றே கிடைத்திருக்கும். நான் தேடவில்லை. புகார் நிற்க வேண்டும் என்பது மட்டுமே என் கவலையாக இருந்தது. தெரியாத முகவரி எதுவானாலும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பிவிடு என்று ஒரே வரி எழுதினேன். இந்தத் திருப்பிவிடுதலில் இரண்டு வகை உண்டு, தற்காலிகம், நிரந்தரம். எங்கள் ஊரில் வாழ்ந்த எவனும் டெம்பரரியைத் தேர்ந்தெடுக்க மாட்டான். நிரந்தரம் என்றே போட்டேன்.

புகார் நின்றது. 'நாட் ஃபவுண்ட்' பார்க்க அசிங்கம்தான். ஆனால் அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதன் வாயைப் பொத்தினேன். கூட்டம் முடிந்ததும், அதில் எனக்குப் பொன்னாடை போர்த்திய படத்தை முகப்புப் பக்கத்தில் பெரிதாகப் போட்டேன்.

போர்மேன் எப்போதும் போல வந்துகொண்டிருந்தார். எப்போதும் போல சொன்னார், நான் தட்டினேன். முகப்பிலிருந்து பிளாக், தெரு, நம்பர் என்று ஒவ்வொன்றாக அழுத்தி அவர் வீட்டுப் பக்கத்தைத் திறந்து காட்டுவேன். என் திரையில் அது ஒழுங்காக இருந்தது. இருவரும் பார்த்துத் திருப்திப்பட்டோம். பழைய லிங்கை நான் ஒரு தடவைகூட அழுத்திப் பார்க்கவில்லை.

பலாப்பழ சீசன் முடிந்து ஆடி பிறந்திருந்தது. போர்மேன் ஒரு நாள் காலையில் வெறுங்கையோடு வந்தார். மாத்திரைப் பை இல்லை.

"சார், என் வூட்டக் காணோங்க."

"என்ன போர்மேன் சொல்றீங்க?"

"மச்சான் புதுசா டச் போன் வாங்கிக்கிறான். அந்தக் கூட்டாளிப் பையன் கிட்ட லிங்க வாங்கி அமுக்கினோம். என் வூடு வரல. நீங்கதான் வரீங்க, பொன்னாடையோட."

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்தேன். அந்தத் தனி நிபந்தனை வரியைக் கண்டுபிடிக்க முற்பகல் முழுவதும்கூட ஆகவில்லை. பழைய முகவரிகளைப் புது முகவரிக்கு அனுப்பும் வரியை மேலே சேர்த்து, என் போனில் அழுத்திப் பார்த்தேன். வீடு வந்தது. வெளியே வந்து, "சர்வர்ல சின்னக் கோளாறு போர்மேன். சரி பண்ணிட்டேன்" என்றேன்.

"எவ்ளோ நாளா இப்படி?"

"ஒண்ணு ரெண்டு நாள் இருக்கும்."

"அப்ப சரி" என்று போய்விட்டார். அவர் என்னை நம்பாமல் இருந்ததே இல்லை.

ஐப்பசி மழையில் அவர் மனைவிக்கு உடம்பு மோசமாகிவிட்டது. போர்மேன் போனில் கூப்பிட்டுச் சொன்னார்: "அம்மாவுக்கு முடியல. வா. அவ்ளோ தான் சார், வேற ஒண்ணும் போடாதீங்க." முதல்முறையாக வா என்று சொல்கிறார். போட்டேன். கூட்டாளியிடமும் நேரில் சொல்லி அனுப்பலாமே என்றேன். "எவன் கால்லயும் நான் விழ மாட்டேன். பாக்குறவன் பாத்துட்டு வரட்டும்" என்றார். அந்த அம்மாள் ஆஸ்பத்திரி வார்டில் கதவைப் பார்த்தபடி ஒருக்களித்தே படுத்திருந்தார். டியூட்டி நர்ஸ் திரும்பிப் படுக்கச் சொன்னாலும் மறுபடி அந்தப் பக்கமே திரும்புவார். நானும் என் மனைவியும் போய்ப் பார்த்தோம். மகன் வரவில்லை. அந்த அம்மாள் இறந்துவிட்டார்.

எங்கள் பழைய பிளாக் ஆட்கள் வடக்குத்து முனையில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்துவிட்டு அந்தக் கூட்டாளிதான் மகனுக்குப் போன் செய்திருக்கிறான். அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. கருமாதி அன்று பந்தலில் நான் தனியாக உட்கார்ந்திருந்தபோது, மொட்டைத் தலையோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அங்கிள், ஒண்ணு கேக்கணும். நீங்க தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுப்பா."

"அந்த லிங்க்ல மொதல்ல அப்பா ஏதாவது போட்டுக்கிட்டே இருப்பாரு. படிப்பேன். அப்புறம் ஒரு நாள் அமுக்கினா உங்க ஃபங்ஷன் போட்டோ வந்துச்சு. மறுபடி மறுபடி அமுக்கிப் பாத்தேன், அதேதான். உள்ள போயி தேட மனசு வரல. இப்பக்கூட அதான் வருது. பாருங்க."

அவன் அழுத்தினான். நான் பொன்னாடையோடு சிரித்தேன்.

என் போனை எடுத்து, கூட்டாளி அவனுக்கு அனுப்பிய அதே பழைய லிங்கை அழுத்தினேன். 'அம்மாவுக்கு முடியல. வா' என்று வந்தது. அவன் எட்டிப் பார்ப்பதற்குள் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். செய்ததிலேயே மோசமான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மற்றது அவசரத்தில் செய்தது. இது தெரிந்தே செய்தது.

"அப்பாதான் அந்தப் பக்கத்த எடுக்கச் சொன்னாரா அங்கிள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ அவனைச் சடங்குக்குக் கூப்பிட்டார்கள். போனான். நான் அவனைத் தேடிப் போய்ப் பதில் சொல்லவில்லை. அன்று மாலையே தாய்மாமனிடம் தன் நம்பரைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன். நிரந்தரம் என்று திருப்பிவிட்டால் போன் அதை மனதில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த முகவரியை அழுத்தினால் சர்வரிடம் கேட்காது, தானே நேராக முகப்புக்குப் போய்விடும். நான் ஆடியில் சரிசெய்தது அதன் பிறகு புதிதாக அழுத்துகிறவர்களுக்குத்தான் சரியாயிற்று. அதற்கு முன்பே திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தவனுக்குச் சரியாகவில்லை. அடிக்கடி பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

அடுத்த முறை மாத்திரை வாங்க வந்த போர்மேன் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, காபியை ஆற்றாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பெத்தவ சாவக் கெடக்குறான்னு போட்டுக்கிறோம். பாத்துட்டு கம்முனு இருந்துக்கிறான் சார். கல்லு சார் அவன். இனிமே அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

சமையலறை வாசலில் நின்ற என் மனைவி என்னையே பார்த்தாள். அவளிடம் நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் போனதும், "நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போகட்டுமா?" என்று கேட்டாள். அப்போதும் நான் உடனே போகவில்லை. தை பிறக்கட்டும் என்றேன், கூட்டம் குறையட்டும் என்றேன். வடலூர் தைப்பூசத்துக்குப் போகிற கூட்டம் பஸ்ஸில் தொங்குகிறது என்று ஒரு சாக்கு. அதுவும் முடிந்த பிறகு ஒரு காலையில் பண்ருட்டி பஸ் ஏறிக் காடாம்புலியூரில் இறங்கினேன்.

கொல்லையில் மோட்டார் ஓடவில்லை. போர்மேனும் அவர் மச்சானும் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். "வாங்க சார், சரியான நேரத்துக்கு வந்தீங்க. கரண்டு ஆளு நீங்கதான" என்றார். நான் நின்றபடியே சொன்னேன். பழைய முகவரி, நான் போட்ட வரி, பொன்னாடைப் படம், பந்தலில் அவன் காட்டிய போன், அப்பாதான் எடுக்கச் சொன்னாரா என்று அவன் கேட்டது, நான் பையில் போட்டுக்கொண்ட என் போன். அவர் ஸ்பேனரைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"எவ்ளோ நாளு?"

"குடியரசு தினத்துக்கு முன்னாடிலேர்ந்து ஆடி வரைக்கும். அவன் போன்ல அதுக்கப்புறமும்."

"ஒண்ணு ரெண்டு நாளுன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"அவ போன பின்னாடியும் தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

"கன்வேயர்ல ஒருத்தன் கை மாட்டியிருந்தா இப்படித்தான் ரிப்போர்ட்டு எழுதாம கெடப்பீங்களா, இன்ஜினியர் சார்?"

அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை. மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்மேன் வேறு ஒன்றைக் கேட்டார்.

"அப்ப அவன் அமுக்கி அமுக்கிப் பாத்துகினுதான் இருந்துக்கிறான்?"

"ஆமா. ஒவ்வொரு தடவையும் என் படம்தான் வந்துருக்கு."

"அவளுக்கு இது தெரியாமப் பூடுச்சே" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஸ்பேனரைப் பெட்டியின் மேல் வைத்தார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு மச்சான் பக்கம் நீட்டினார். "அவன் நெம்பரு உன்கிட்டத் தான இருக்குது. போட்டுக் குடு."

"நான் என்ன எழுதணும்னு சொல்லுங்க போர்மேன், அந்தப் பக்கத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க ஒண்ணும் எழுத வேணாங்க. போதும்."

போனைக் காதில் வைத்துக்கொண்டு முந்திரி மரங்களுக்குள் கொஞ்ச தூரம் நடந்தார். அவர் காது மந்தம், அதனால் சத்தமாகத்தான் பேசுவார். அங்கே நின்றே எனக்குக் கேட்டது.

"நான்தான்டா... அப்பாதான். இல்ல, ஒடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. சாப்டியா?... டேய், இரு, வெச்சிடாத. அந்தப் பக்கத்த எடுக்கச் சொன்னது நான் இல்லடா. நான் சொல்லல. கேக்குதா? நான் சொல்லல."

மறுபக்கம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. போர்மேன் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார், வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். மச்சான் என்னிடம், "நீங்க கெளம்புங்க சார், இப்ப ஒரு பஸ் இருக்குது" என்றார். நான் போர்மேனிடம் சொல்லிக்கொள்ளாமலே ரோட்டுக்கு நடந்தேன்.